தண்ணீர்போல் ஓடிய எண்ணெய்

கோவர்த்தனன் என்பது அவருடைய பெயர். ஆயினும் சித்தூர் மாங்கூழ்த் தொழிற்சாலையில் பழம் இறக்க வரும் விவசாயிகள் தங்களுக்குள் அவரை ‘அடிக்கூடைக்காரர்’ என்றே சொல்லிக்கொள்வார்கள். மேலே அடுக்கியிருக்கும் பழத்தை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. வண்டிமேல் ஏறி நின்று, முழங்கை மறையும்வரை கையைக் குவியலுக்குள் செலுத்தி, அடியிலிருந்து ஒரு தோத்தாபுரி மாம்பழத்தை உருவி எடுப்பார், காம்போரத்தில் அமுக்குவார், முகர்வார், “மரத்துல பழுத்ததுங்க” என்று சத்தியம் செய்கிறவரின் முகத்தையும் ஒருமுறை உற்றுப் பார்ப்பார். அதன் பிறகுதான் கேட்டைத் திறக்கச் சொல்வார். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த சரக்கு அவர் கையைத் தாண்டி உள்ளே போனதில்லை என்று முதலாளியே பெருமையாகச் சொல்லுவதுண்டு.

தொழிலில் படிந்த பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால் பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யத்திலிருந்துதான் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, குழாய் பிடித்திருப்பவனிடமும் ஒருமுறை கேட்பார். “எனக்குத் தாலி கட்டும்போதே ஒரசிப் பாத்துட்டுதான் கட்டினாரு” என்று அவர் மனைவி ஸ்வர்ணலதா உறவினர் நடுவில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பாரே தவிர மறுக்கமாட்டார்.

அப்படிப்பட்டவரின் பொறுப்பில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து சேர்ந்தது.

கார் ஸ்வர்ணலதாவின் தம்பி சாய்குமாருடையது. நகரிப் பக்கம் கரும்பு பயிரிட்ட குடும்பத்திலிருந்து சிங்கப்பூருக்குப் போய், நெடுநாள் அங்கே பொறியாளனாக இருந்தவன் அவன். சத்தியவேட்டை ஒட்டி வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பியபோது அவற்றுள் ஒன்றில் நல்ல உத்தியோகம் கிடைத்துத் திரும்பினான். ஊர் திரும்புகிறவர்கள் நகையும் தொலைக்காட்சிப் பெட்டியுமாக வந்த காலத்தில், சாய்குமார் இரண்டே இருக்கைகள் கொண்ட சிவப்புக் கார் ஒன்றைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தான். சீறிப் பாய்வதற்கென்றே செய்த அந்தக் கார் தரையோடு தரையாக நிற்கும். திருப்பதி செல்லும் சாலையில் புத்தலப்பட்டு வேகத்தடைகளில் அதன் வயிறு தட்டாமல் ஓட்டுவது ஒரு வித்தை. சென்னைக்கு வெளியே உள்ள பந்தயத் தடத்தில் அதை ஒரு நாளாவது முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அதற்குள் நிறுவனம் அவனைப் பயிற்சிக்கென்று ஜப்பானுக்கு அனுப்பிவிட்டது.

“மாமா, ஒங்களத் தவிர வேற யார்கிட்டயும் இத உடமாட்டேன்” என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு அவன் விமானம் ஏறினான். போவதற்கு முன் இன்னொன்றும் சொன்னான். அவனுடைய தொழிற்சாலையில் ஊழியர் பேருந்துகளைப் பராமரிக்கும் பணிமனைக்கு ஒரு தலைமை மெக்கானிக் தேவைப்பட்டார். வேலூர்ச் சாலையில் லாரிப் பட்டறை வைத்திருந்த துலுக்காணத்தின் பெயரை கோவர்த்தனனே எடுத்துச் சொல்லியிருந்தார். எல்லையோரக் கிராமத்தில் ஒரு துண்டு நிலமும் இல்லாத குடும்பத்தில் பிறந்து, சொந்தமாகப் பட்டறை போட்டவன் துலுக்காணம். புதிய லாரிகளெல்லாம் கம்பெனி சர்வீசுக்கே போகத் தொடங்கியதால் அவன் பட்டறை வரவரக் காலியாகிக்கொண்டிருந்தது.

“என் வண்டிய எப்படிப் பாத்துக்கறாருன்னு பாக்கலாம் மாமா. சரியா இருந்தா நானே அவர் பேரச் சொல்லிட்றேன்” என்றான் சாய்குமார்.

அவன் திரும்பும் மாதம் நெருங்கியது. இஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய் இரண்டையும் மாற்றிவிடும்படி தொலைபேசியில் சொன்னான். இரண்டும் சிந்தடிக் எண்ணெயாகவே இருக்கவேண்டும். இஞ்சினுக்கு ஐந்து-டபிள்யூ-முப்பது, கியர்ப் பெட்டிக்கு ஜிஎல் நான்கு என்னும் வகை. சித்தூர்க் கடைகளில் லாரி எண்ணெயும் டிராக்டர் எண்ணெயுமே கிடைத்தன. ஆகவே கோவர்த்தனன் ஒரு விடுமுறை நாளில் திருப்பதிக்குப் பேருந்து ஏறினார்.

ரேணிகுண்டா சாலையில் தாட்சாயணி என்பவள் எண்ணெய்க் கடை வைத்திருந்தாள். கணவன் குவைத்துக்குப் போனபின் அவள் தனியே தொடங்கிய கடை அது. மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அவளிடந்தான் எண்ணெய் வாங்குவார்கள். வண்டி இன்னதென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இஞ்சின் எண்ணெய் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

கோவர்த்தனன் அதன்மேல் இருந்த ஐந்து-டபிள்யூ-முப்பது என்பதைப் படித்தார். “இது பனி உழுற ஊருக்குப் போடறதாச்சே? நம்ம வெயிலுக்கு லாரிக்காரன் இருபது-அம்பதுதான ஊத்தறான்?”

“லாரிக்காரன் லாரிக்கு ஊத்தறான். மொத நம்பரு காலைல வண்டி எடுக்கும்போது எண்ணெய் எவ்ளோ சீக்கிரமா மேல ஏறுதுன்றதுக்கு. பின்னால கீற முப்பதுதான் சூட்டுக்கு. இந்த இஞ்சின்ல சந்து ரொம்பப் பொடிசு, கெட்டியா ஊத்தினா உள்ள போவாது.”

“சிந்தடிக்குன்னா?”

“எவ்ளோ முறுக்கினாலும் சீக்கிரம் கருகாது, ஒடையாது. அவ்ளோதான். மந்திரம் ஒண்ணும் இல்ல.”

அவர் டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். தேதியைத் தேய்த்துப் பார்த்தார். தாட்சாயணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “ஏமய்யா, என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ நேரம் பாக்கல” என்றாள்.

கியர் எண்ணெய்க்கு வந்தபோதுதான் சந்தேகம் வலுத்தது. அலமாரியில் ஒரே கம்பெனியின் ஒரே அச்சிலான டப்பாக்கள் அருகருகே இருந்தன. ஒன்றில் நான்கு என்றும் மற்றொன்றில் ஐந்து என்றும் போட்டிருந்தது. அவள் நான்கை எடுத்தாள்.

“அஞ்சு கீதே, நாலு எதுக்கு?”

“இது இன்னா ஸ்கூலா, நாலு முடிச்சா அஞ்சுக்குப் போறதுக்கு? அஞ்சு பின் அச்சுல கீற பல்லுக்கு. அங்க பாரம் ஜாஸ்தி, அதுக்குன்னு மருந்து ஜாஸ்தியா கலந்து வெச்சிருக்கான். ஒன் வண்டி கியர்ப் பொட்டில பித்தள வளையம் கீது. நீ கியர மாத்தும்போது ரெண்டு பல்லும் ஒரே வேகத்துக்கு வரணும் இல்ல? அந்த வளையந்தான் புடிச்சி நிறுத்தி வேகத்த ஒண்ணாக்குது. அதுக்குக் கொஞ்சம் சொரசொரப்பு வேணும். அஞ்ச ஊத்தினா வழுக்கும், புடிக்காது. போவப்போவ அந்த மருந்து பித்தளையயும் துன்னும்.”

“அப்ப ஒசந்தது வேணாம்ன்றீங்க.”

“ஒசந்ததுன்னு யாரு சொன்னா? நீ அஞ்சுதான் வேணும்னா வேற கடையப் பாரு. இந்த வண்டிக்கு நான் அதக் குடுக்கமாட்டேன்.”

கேட்ட பொருளைக் கொடுக்க மறுக்கும் வியாபாரியை கோவர்த்தனன் அதுவரை கண்டதில்லை. நான்காம் வகை விற்காமல் தேங்கிக் கிடக்கிறது போலும் என்று நினைத்தார். எனினும் சாய்குமார் சொன்னதும் அதுவே என்பதால் வாங்கிக்கொண்டார். புறப்படும்போது தாட்சாயணி, “ஊத்தினதும் டப்பாவுல ஆணியடிச்சி ஓட்ட போட்டுடு. இல்லன்னா எவனாவது பொறுக்கிக்கினு போய், கழிவெண்ணெய ரொப்பி, மூடி ஒட்டி வித்துடுவான்” என்றாள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். ஆனால் சித்தூர் வரும்வரை கோவர்த்தனன் மடியிலிருந்த டப்பாக்களின் மூடியையே தடவிக்கொண்டு வந்தார். அப்படி ஒட்டிய மூடியாக இது ஏன் இருக்கக்கூடாது?

மறுநாள் பட்டறையில் காரை ஏற்றி நிறுத்தினார்கள். கோவர்த்தனன் ஒரு ஸ்டூலைப் போட்டு அருகிலேயே உட்கார்ந்துகொண்டார். இஞ்சின் எண்ணெய் சிக்கலின்றி மாறியது. கியர்ப் பெட்டியின் பழைய எண்ணெய் வடிந்தபின், துலுக்காணம் புது டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் சிறிது ஊற்றினான். இரு விரல்களால் தேய்த்தான். அது விரலிடுக்கில் நில்லாமல் முழங்கைவரை வழிந்தது.

“ண்ணா, இதப் பாரேன். இது எண்ணெயா, மோரா?”

கோவர்த்தனனும் தொட்டுப் பார்த்தார். லாரிகளுக்கு அங்கே ஊற்றும் கியர் எண்ணெய் வெல்லப்பாகு போல இழுபடும். இது தண்ணீர்போல் ஓடியது. அவர் நெஞ்சில் நேற்று முதல் கிடந்த முள் இப்போது ஆழமாக ஏறியது.

“என் அனுபவத்துல கியர்ப் பொட்டிக்கு இப்படி ஒண்ண ஊத்தினதில்ல” என்றான் துலுக்காணம். “ஆனா நமக்கு இந்த வண்டியே புதுசு. சாய்குமாரு தம்பி சொன்னது இதுதான? ஊத்திட்லாம் ண்ணா.”

“இரு.”

இஞ்சின் எண்ணெயையாவது அளவுக் குச்சியை உருவி நாள்தோறும் பார்க்கலாம். கியர்ப் பெட்டியோ திருகு மறையிட்டு மூடிவிட்டால் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சந்தேகப்பட்ட பொருளை ஊற்றுவதா? கோவர்த்தனன் பைக்கை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். எல்லாரும் வாங்கும் லாரி எண்ணெயில், ஐந்து என்று போட்ட கெட்டியான ரகத்தைத் தம் கண்ணெதிரே பெட்டியைப் பிரித்து எடுக்கச் செய்து, வாங்கி வந்தார். சீலைத் தாமே கிழித்தார்.

“இத ஊத்து.”

“தம்பிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“ஒனக்குச் சொன்னா புரியாதா? ஊத்துடா.”

துலுக்காணம் ஊற்றினான். நடுவே மாங்கூழ்த் தொழிற்சாலையிலிருந்து அழைப்பு வந்ததால் கோவர்த்தனன் தெருமுனைவரை சென்று பேசிவிட்டு வந்தார். அவர் திரும்பியபோது மறை இறுகியிருந்தது. துலுக்காணம் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் காலையில் காரை எடுத்து, இரண்டாவது கியரைப் போட்டபோது, பல்லைக் கடித்தாற்போல் ஓர் ஓசை எழுந்தது. முதலில் தம் கை தவறியதென்று நினைத்தார். அதற்கடுத்த நாளும் அதே ஓசை. அன்றுமுதல் அவருக்கு உறக்கம் கெட்டது. வாரம் ஒருமுறை ஓட்டினால் போதுமென்று சொல்லப்பட்ட காரை நாள்தோறும் எடுத்தார். ஆட்சியர் அலுவலகச் சாலையில் ஒன்று, இரண்டு, மீண்டும் ஒன்று, மீண்டும் இரண்டு என்று மாற்றி மாற்றிப் போட்டு, தலையைச் சாய்த்து, ஓசை எங்கிருந்து எழுகிறதென்று கேட்டார். நாளுக்கு நாள் அது பெருகிற்று.

தம் கையால் சீல் கிழித்த எண்ணெய்மீது அவருக்குச் சந்தேகம் வரவில்லை. தாம் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அந்த இடைவேளையைத்தான் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. நல்ல எண்ணெயை எடுத்துக்கொண்டு, லாரியிலிருந்து வடித்ததை ஊற்றிவிட்டானோ? எதையாவது கழற்றித் தப்பாக மாட்டிவிட்டானோ? திரும்பி வந்தபோது அவன் ஏன் அவ்வளவு அவசரமாகக் கை துடைத்தான்?

சாய்குமார் பேசியபோது மறைக்காமல் சொன்னார். அதாவது, மறைக்கவில்லை என்று தாமே எண்ணிக்கொண்டு சொன்னார். “கியர்ல சத்தம் வருதுப்பா. நான் போன் பேசப் போன நேரத்துல துலுக்காணம் இன்னமோ பண்ணிட்டாம்போல கீது.” எண்ணெயை மாற்றியது பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அது சொல்லவேண்டிய செய்தியாகவே அவருக்குத் தோன்றவில்லை.

“நல்லவேள சொன்னீங்க மாமா. கம்பெனில இந்த வாரம் பேரு கேக்கறாங்க. அவர் பேர நான் சொல்லல” என்றான் சாய்குமார்.

கெட்ட சரக்கு வண்டியைத் திருப்பி அனுப்பியபின் வருகிற அமைதி கோவர்த்தனனுக்கு அப்போதும் வந்தது. அந்த அமைதியோடு பட்டறைக்குப் போனார்.

“இன்னாடா ஊத்தின உள்ள?”

லாரியின் அடியிலிருந்து துலுக்காணம் வெளியே வந்தான். “நீ குடுத்தத ஊத்தினேன். ஏன்?”

“நான் அந்தப் பக்கம் போனதும் மாத்திட்டியா?”

துலுக்காணம் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் சிரிப்பை நிறுத்தினான். “ண்ணா, நீ வாங்கிக்கினு வந்த டப்பா, நீ கிழிச்ச சீலு. மோராட்டம் கீதுன்னு சொன்னது என் தப்புதான். ஆனா அதையே ஊத்திட்லாம்னு சொன்னேனா இல்லியா?”

“பேச்ச மாத்தாத.”

“சரி, மாத்தல. கம்பெனில கூப்டுவாங்கன்னு செல்வி எனக்கு வெள்ளச் சட்ட ஒண்ணு தெச்சி வெச்சிக்கினு கீறா. அதப் போட்டுக்கினு கோயில்ல வந்து சத்தியம் பண்ணவா? அப்பயாவது நம்புவியா?” செல்வி அவன் மனைவி. அந்த வேலை கைவிட்டுப் போனது இன்னும் அவ்வீட்டாருக்குத் தெரியாது. கோவர்த்தனனுக்குத் தெரியும். அவர் பட்டறையைவிட்டு வெளியே வந்தார்.

அன்றிரவு நினைவு வேறு பக்கம் திரும்பியது. குற்றம் துலுக்காணத்தினுடையது இல்லையென்றால் திருப்பதிக் கடைக்காரியினுடையதாக இருக்கவேண்டும். இஞ்சின் எண்ணெயில் ஏதேனும் கலந்திருந்தாலும் இருக்கலாம். ஊற்றாமல் வைத்திருந்த நான்காம் வகை டப்பாவையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் காரிலேயே திருப்பதிக்குப் போனார். புத்தலப்பட்டைத் தாண்டும்வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் இரண்டாவது கியர் அலறியது.

தாட்சாயணி அவர் சொன்னதை முழுவதும் கேட்டாள். “இப்ப கியர்ப் பொட்டிக்குள்ள இன்னா கீது?” என்றாள்.

“எண்ணெய்தான்.”

“நான் குடுத்ததா?”

“இல்ல. அஞ்சு. லாரிக்கு ஊத்தறது.”

பக்கத்துக் கொட்டகையில் ஜீப் பழுது பார்க்கும் வேதாச்சலத்தை அழைத்தாள். வேதாச்சலம் காரின் அடியில் படுத்து, மறையைச் சற்றே தளர்த்தி, ஓர் எவர்சில்வர் டம்ளரில் கொஞ்சம் எண்ணெய் பிடித்துக் கொடுத்தார். தாட்சாயணி டம்ளரை வெயிலில் சாய்த்தாள். கெட்டியான எண்ணெய்க்குள் பொன்துகள் போல எதுவோ மின்னியது. வேதாச்சலம் ஒரு காந்தத் துண்டை உள்ளே விட்டு எடுத்தார். ஒரு துகளும் அதில் ஒட்டவில்லை.

“இரும்பா இருந்தா ஒட்டிக்கினு இருக்கும்” என்றார் அவர். “பித்தள. வளையம் தேஞ்சிக்கினு வருது. கெட்டி எண்ணெய், காலைல ஆறிப்போய்க் கீறப்ப வளையம் புடிக்கறதே இல்ல. கொஞ்ச நாள்ல இவ்ளோ தேஞ்சிருக்குதே, ரொம்ப ஓட்டினீங்களா?”

“தெனமும் ஓட்டினேன். சத்தம் எங்கேந்து வருதுன்னு பாக்கத்தான்...”

“பாத்துப் பாத்தே தேச்சிருக்க” என்றாள் தாட்சாயணி.

கோவர்த்தனன் டம்ளரை வாங்கிப் பார்த்தார். யாரும் எதையும் மாற்றி ஊற்றவில்லை. அவர் வாங்கிய எண்ணெய்தான். அந்த நிறம், அந்த நாற்றம், அந்த இழுவை. அவருடைய மூக்கு அதை ஐயமறச் சொல்லிற்று.

“போயே போச்சா?” என்று கேட்டார்.

“அதத் தெறந்து பாத்தாத்தான் சொல்லலாம்” என்றார் வேதாச்சலம். “இப்பயே மாத்தினா அடங்கினாலும் அடங்கும். இல்லன்னா வளையத்துக்கு வண்டி வந்த ஊருக்குத்தான் எழுதிக் கேக்கணும்.”

கோவர்த்தனன் காரிலிருந்த டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். “அப்ப இதையே ஊத்திடுங்க. ஒங்க கடையில வாங்கினதுதான். கையில கொஞ்சம் ஊத்திப் பாத்தோம், மத்தபடி அப்படியே கீது.”

தாட்சாயணி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். ஒரு சொட்டை நகத்தில் விட்டுப் பார்த்தாள். பின்னர் மூடியை இறுக்கி, அவர் பக்கமே நகர்த்தினாள்.

“சீல் கிழிஞ்ச டப்பா. நான் குடுத்ததுதான் உள்ள கீதுன்னு எனக்கெப்படித் தெரியும்? நல்லத எடுத்துக்கினு வேற எதயோ ரொப்பிக் கொண்டாந்து, நாளைக்கு வண்டி கெட்டுப்போச்சுன்னா, தாட்சாயணி கடை எண்ணெய்தான் ஊத்தினோம்னு சொல்லுவ.”

“ஐயோ, நான் அப்படிச் செய்யற ஆளில்லம்மா.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

அவருக்கு முகம் சுருங்கியது. தாம் சொல்வது உண்மை. அதை மெய்ப்பிக்கக் கையில் ஒன்றும் இல்லை. சாட்சி சொல்லக்கூடியவன் ஒருவனே. அந்த டப்பாவைத் திறந்தபோது உடன் இருந்த துலுக்காணம். இப்போது போய் அவனை எனக்குச் சாட்சி சொல் என்று கேட்க எந்த வாய் இருக்கிறது?

கோபத்தில் ஏதேனும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். அவளும் புதுச் சரக்கை விற்கத்தான் பழையதை மறுக்கிறாள் என்று ஒரு கணம் தோன்றவும் செய்தது. ஆனால் அவள் பார்த்த பார்வையை அவர் அறிவார். தாம் நாள்தோறும் கேட்டின் அருகே நின்று பார்க்கும் பார்வை அது. அதற்கு எதிரே நின்ற விவசாயிகளில் எத்தனை பேர் உண்மை பேசினார்கள் என்று அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

வேதாச்சலம் கைகளைத் துடைத்தார். “இன்னாங்க, புது டப்பா தெறக்கட்டுமா? அர மணிநேர வேல. மாத்திக் குடுத்துட்றேன். ஓட்டிக்கினு போனீங்கன்னா யாருக்கும் ஒண்ணும் தெரியாது.”

கோவர்த்தனன் காரைத் திரும்பிப் பார்த்தார். வேதாச்சலம் சொன்னது உண்மைதான். எண்ணெயை மாற்றி, ஓசையும் அடங்கிவிட்டால், சாய்குமார் எதையும் கேட்கமாட்டான். துலுக்காணத்தின் பெயர்மட்டும் அந்தத் தொழிற்சாலையில் சொல்லப்படாமலே போய்விடும்.

“புது டப்பா ஒண்ணு குடுங்க, நாலாம் நம்பரு” என்றார் தாட்சாயணியிடம். “ஆனா இப்ப மாத்த வேணாம். வண்டிய இங்கயே உட்டுட்டு நான் பஸ்ஸுல சித்தூருக்குப் போறேன். துலுக்காணத்த நேர்ல பாத்து, தப்பு என்னுதுன்னு சொல்லணும். அவன் ஒத்துக்கினா கூட்டிக்கினு வரேன், அவன் கையாலயே மாத்தட்டும்.”

“ஒத்துக்கலன்னா?” என்றாள் அவள்.

“ஒத்துக்கலன்னாலும், அஞ்ச ஊத்தச் சொன்னது நான்தான்னு சாய்குமாருக்கு இன்னிக்கே சொல்லிட்றேன். மொதல்ல அதச் சொல்லிட்டுதான் பஸ் ஏறப் போறேன்.”